சீட்டித் துணி

1719இல் லண்டன் தெருக்களில் பெண்களின் ஆடைகள் கிழித்தெறியப்பட்டன. சிலர்மீது மையும் திராவகமும் ஊற்றப்பட்டன. செய்தவர்கள் அந்நகரின் கம்பளி, பட்டு நெசவாளர்கள். பூப்போட்ட பருத்தித் துணியை உடுத்தியதே அப்பெண்களின் குற்றம்.

அந்த மோகம் இந்தியாவிலிருந்து சென்றது. மசூலிப்பட்டினம் முதலான சோழமண்டலக் கரை ஊர்களில் படிகாரம் தோய்த்துச் சாயவேரால் சிவப்பேற்றிய துணி, எத்தனை முறை வெளுத்தாலும் மங்காது. ஐரோப்பியச் சாயக்காரர்களுக்கு அந்த நுட்பம் நெடுநாள் பிடிபடவில்லை. பிரான்சு 1686இல் அதைத் தடை செய்தது. இங்கிலாந்து 1701இல் அதன் இறக்குமதியை நிறுத்தியது. வெள்ளைத் துணியாகத் தருவித்து உள்ளூரில் அச்சிட்டுக்கொண்டார்கள்! ஆகவே 1721இல் உடுத்துவதையே தடுத்தது. 1774இல் தடை தளர்ந்தபோது இங்கிலாந்தின் நூற்பு இயந்திரங்கள் ஓடத் தொடங்கியிருந்தன.

துணியோடு சொல்லும் கப்பலேறியது. தெறித்த புள்ளியைக் குறிக்கும் இந்தியின் 'சீண்ட்', தமிழில் 'சீட்டி' ஆயிற்று; ஆங்கிலத்தில் பன்மை விகுதி சேர்ந்து, அதுவே ஒருமையாகப் பிறழ உணரப்பட்டு, 'சின்ட்ஸ்' என நிலைத்தது. எந்திரம் மலிவாக அச்சிட்டுக் குவித்த பின்னர் அதிலிருந்து 'சின்ட்ஸி' பிறந்தது. மட்டமானது, பகட்டானது என்பது அதன் பொருள். தமிழிலும் சீட்டிப் பாவாடை எளியோர் உடையாகவே நினைவில் தங்கியிருக்கிறது.