துளை ஒன்று, வழி வேறு

தென்காசியில் இருக்கும் என் தங்கைக்கு மெடிக்கல் கோடிங் வேலை. ஒரு பக்கம் நோயாளியின் ரிப்போர்ட், இன்னொரு பக்கம் கோடு தேடும் மென்பொருள், மூன்றாவதாக நிரப்ப வேண்டிய படிவம். பதினாலு இஞ்ச் லேப்டாப்பில் இவற்றை மாற்றி மாற்றிப் பார்த்து தினசரி டார்கெட்டை முடிக்க முடியாது. முடிக்காவிட்டால் சென்னைக்கு வரச் சொல்லிவிடுவார்கள். இரண்டு வயதுக் குழந்தையை வைத்துக்கொண்டு அவளால் அது ஆகாது.

"அண்ணே, பழைய மானிட்டர் ரெண்டு கிடைச்சிருக்கு. எந்த அடாப்டர் வாங்கணும்னு மட்டும் சொல்லு" என்றாள். அந்த 'மட்டும்'தான் சிக்கல்.

வயர் உள்ளே போனால் படம் வந்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். டைப்-சி அந்த நம்பிக்கையை நன்றாகவே வளர்க்கும். ஆனால் அதில் படம் போக 'டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட்' இருக்க வேண்டும். இல்லையென்றால் சார்ஜும் டேட்டாவும்தான். வெளியே பார்த்தால் இரண்டுக்கும் ஒரே முகம். மாடல் எண்ணை வைத்துத் தேடினேன். அவளுடைய லேப்டாப்பில் அது இல்லை.

மிச்சம் இருந்தது ஒரு ஹெச்டிஎம்ஐ, இரண்டு யுஎஸ்பி. கடைக்காரர் ஹெச்டிஎம்ஐ ஸ்ப்ளிட்டரைக் காட்டி, "ரெண்டு மானிட்டரும் ஓடும்க்கா" என்றிருக்கிறார். ஓடும்தான், ஆனால் இரண்டிலும் ஒரே படம். அவளுக்கு வேண்டியது வேறு வேறு படம்.

ஒரு மானிட்டரில் விஜிஏ மட்டும்தான். 1987-இல் ஐபிஎம் கொண்டுவந்த அனலாக் வழி அது. ஹெச்டிஎம்ஐயோ டிஜிட்டல். நடுவில் சிப் வைத்த கன்வர்ட்டர் வேண்டும், அதுவும் ஒருவழிப் பாதை. "'ஹெச்டிஎம்ஐ டு விஜிஏ'ன்னு கேளு, திருப்பிக் கேட்டுடாத" என்றேன்.

இன்னொரு மானிட்டருக்கு டிஸ்ப்ளேலிங்க் சிப் உள்ள யுஎஸ்பி அடாப்டர். லேப்டாப்பின் மென்பொருளே படத்தைச் சுருக்கி டேட்டாவாக அனுப்பும். ப்ராசஸருக்குக் கொஞ்சம் சுமைதான். கேம் விளையாட உதவாது, எழுத்து படிக்கத் தாராளமாகப் போதும். ஆனால் அதற்கு டிரைவர் வேண்டும். கம்பெனி லேப்டாப்பில் அவள் இஷ்டத்துக்கு எதையும் நிறுவ முடியாது. "காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி ஐடி டீம்ல கேட்டுடு. எழுத்துல வாங்கு."

அனுமதி வர நாலு நாள் ஆனது. அதன் பிறகுதான் அடாப்டருக்கு ஆர்டர் போட்டாள்.

இந்தத் துறையில் பத்து வருஷத்துக்கு மேல் இருக்கிறேன். துளைக்கு ஒரே வடிவம் கொடுத்ததை எங்கள் ஆட்கள் பெரிய வசதியாகச் சொல்வார்கள். உள்ளே என்ன போகும் என்று கண்டுபிடிக்கும் வேலை மட்டும் வாங்குபவர் தலையில். வீட்டில் ஒரு இன்ஜினியர் இல்லாதவர்கள் அந்த ஸ்ப்ளிட்டரைத்தான் வாங்கி வருவார்கள்.