நாங்கள் தைத்த படகு

துணியைத் தைப்பார்கள், செருப்பைத் தைப்பார்கள். படகைத் தைப்பார்களா என்று நீங்கள் சிரிக்கலாம். சென்ற கோடை விடுமுறைக்கு முன் நானும் அப்படித்தான் சிரித்திருப்பேன்.

வெளிநாட்டில் பணிபுரியும் என் தந்தையார் ஒரு மாத விடுப்பில் பழனிக்கு வந்திருந்தார். மறுநாளே லாரி ஆபீசிலிருந்து ஒரு நீண்ட பெட்டி வந்து சேர்ந்தது. உள்ளே அளவாக வெட்டிய பிளைவுட் பலகைகள், செம்புக் கம்பிச் சுருள், பசை டப்பாக்கள், கண்ணாடி இழைத் துணி. "இது கயாக் என்னும் துடுப்புப் படகு. நீயும் நானும் கட்டப் போகிறோம்" என்றார் அப்பா. "கடல் இல்லாத ஊரில் படகா!" என்று பாட்டி தலையில் அடித்துக்கொண்டார்.

பலகைகளின் ஓரத்தில் அரைச் சாண் இடைவெளியில் துளையிட்டு, கம்பி கோத்து முறுக்கினோம். தட்டையாகக் கிடந்த பலகைகள் வளைந்தெழுந்து மீன் வடிவம் பெற்ற விந்தையை என்னென்பேன்! இனி மூட்டுகளில் பசையிட்டு, அது இறுகியதும் கம்பிகளை நீக்கிவிட வேண்டியதுதான்.

இங்கிலாந்தில் 1963-ல் வெளிவந்த 'மிர்ரர்' என்னும் பாய்மரப் படகால் இம்முறை புகழ்பெற்றதாம். ஆனால் படகு தைப்பது நமக்குப் புதிதன்று. சென்னையில் துறைமுகம் கட்டுமுன், கப்பலிலிருந்து மக்களைக் கரைசேர்த்தவை தென்னங்கயிற்றால் தைத்த மசூலா படகுகளே. அலை மோதினாலும் அவை நெகிழ்ந்து கொடுக்கும். 2025 மே மாதம் நம் கடற்படையில் சேர்ந்த 'கௌண்டின்யா'வும் கயிற்றால் தைத்த கப்பலே.

விடுப்பு முடியப் பத்து நாள்களே இருந்தன. அப்பா புறப்படுமுன் முடித்துவிட வேண்டும் என்ற ஆசையில், அவர் கடைக்குப் போன வேளையில் ஒரு பக்கத்துக் கம்பிகளை மட்டும் பலங்கொண்ட மட்டும் முறுக்கினேன். படகு கோணிக்கொண்டது! பயந்துபோய் வாய் திறக்கவில்லை. இரவெல்லாம் உறக்கமில்லை. காலையில் அப்பா பசையைக் கலக்க உட்கார்ந்தபோது அழுதுகொண்டே சொல்லிவிட்டேன்.

அவர் கோபிக்கவில்லை. "நல்ல வேளை, இப்போதே சொன்னாய். பசை இறுகிவிட்டால் இந்தக் கோணலை யாராலும் நிமிர்த்த முடியாது" என்றார். எல்லாக் கம்பிகளையும் தளர்த்தி, இருபுறமும் மாறி மாறிச் சிறிது சிறிதாக முறுக்கினோம். மூன்று நாள் போயிற்று.

அப்பா புறப்பட்டபோது படகு வார்னிஷ் காணாமல் நின்றது. அம்மாவும் நானும் பூசி முடித்தோம். காலாண்டு விடுமுறையில் மிதவைச் சட்டை அணிந்து, மாமாவின் துணையுடன் ஊர்க் குளத்தில் இறக்கினேன். படகு நேராகச் சென்றது. புகைப்படம் பார்த்த அப்பாவிடமிருந்து, "கோணவில்லையே!" என்று பதில் வந்தது.

தோழியரே, தவறு யாருக்கும் நேரும். பசை இறுகுமுன் சொல்லிவிடுங்கள்.

— பத்தாம் வகுப்பு மாணவி