பங்கு கேட்காத வரை

நெய்தல் திணை நடத்திக்கொண்டிருந்த ஒரு பிற்பகல். நற்றிணையின் 45ஆம் பாட்டு. நகரத்துச் செல்வன் ஒருவன் தேரேறிக் கடற்கரைக்கு வந்து பரதவர் மகளை விரும்புகிறான். எங்கள் மேல் மீன் வாடை அடிக்கும், தள்ளி நில் என்று தோழி தடுக்கிறாள். சுறாத் துண்டங்களைக் காயவைத்துப் பறவைகளை விரட்டுவது அந்தப் பெண்களின் வேலை. கடலுக்குள் போவது ஆண்களின் வேலை.

வகுப்பு முடிந்ததும், காசிமேட்டிலிருந்து வரும் மாணவி ஒருத்தி கைபேசியில் ஒரு காணொளியைக் காட்டினாள். அந்தமான் கடல். வாடகைப் படகின் முகப்பில் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்த ஒரு பெண், வளைந்து நடுங்கும் தூண்டில் கோலோடு மல்லுக்கட்டுகிறார். கடைசியில் அவர் மடியில் ஒரு பெரிய பாறை மீன். படம் எடுத்ததும் அதைத் தண்ணீரில் விட்டுவிடுகிறார்கள்.

"புடிச்ச மீனை ஏன் மேடம் உட்டுட்டாங்க?" என்றாள் முதலில். பிறகு கேட்டாள்: "இவங்கள மட்டும் எப்படி மேடம் போட்ல ஏத்துனாங்க? எங்கம்மா இருபது வருஷமா ஏலம் எடுக்குது. ஒரு நாளும் ஏத்தினதில்ல."

முதல் கேள்விக்குப் பதில் எளிது. இது வயிற்றுக்கான மீன்பிடிப்பு இல்லை, விளையாட்டு. தென்மேற்குப் பருவமழை ஓய்ந்த பிறகு அந்தமானில் இதற்கான பருவம் தொடங்குகிறது. மிதக்கும் போலி இரையை வீசி, நீர்ப்பரப்பில் குமிழியிட இழுத்தால், பாறை மீன் கீழிருந்து பாய்ந்து கவ்வும். வென்றவர் படம் எடுத்துக்கொள்வார், மீன் உயிரோடு திரும்பிப் போகும். அதே ஐப்பசி கார்த்திகையில் சென்னைத் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறும். காசிமேட்டு விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும். மீன் வராத நாளில் மீன்காரம்மாவுக்கு வருமானம் இல்லை. முதல் போட வாங்கிய கடனின் வட்டி மட்டும் ஏறும்.

இரண்டாவது கேள்வி என்னோடு வீடு வரை வந்தது. தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவுக்கு அன்னக்கூடையோடு வரும் ஆயாவிடம் கேட்டேன். "பொம்பள ஏறுனா மீன் படாது, கடலம்மா கோச்சுக்கும்னுவாங்க. தீட்டு நேரத்துல வலையக்கூடத் தாண்டக் கூடாது" என்றார். பிறகு சிரித்தார்: "எங்கூட்டு போட்டுக்கு எஞ்சின் வாங்க என் கம்மலத்தான் அடகு வச்சாரு. அதுக்குத் தீட்டு இல்ல போல."

அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டு யோசித்தேன். கடலம்மா பெண்களைப் பார்த்துக் கோபிப்பவள் என்றால், அந்தமான் படகிலும் கோபித்திருக்க வேண்டும். அங்கே ஏறிய பெண் வாடகை கொடுத்தவர். இறங்கும்போது அவருக்கு யாரும் எதுவும் பிரித்துக் கொடுக்க வேண்டியதில்லை. காசிமேட்டில் கணக்கு வேறு. வந்த வரவில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு கழித்து, ஓனருக்கு இவ்வளவு, ஆட்களுக்கு இவ்வளவு என்று பங்கு பிரிப்பார்கள். படகில் ஏறி வேலை செய்தவருக்குப் பங்கு உண்டு. ஒரு பெண் ஏறினால் அவளுக்கும் ஒரு பங்கு. தீட்டு என்று சொல் காவல் நிற்பது அந்த இடத்தில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

வசதி படைத்த பெண்களுக்கும் இந்தக் கோடு இருந்திருக்கிறது. 1939இல் நியூயார்க்கில் சர்வதேச விளையாட்டு மீன்பிடிச் சங்கம் உருவாகி, உலகச் சாதனைகளைப் பதியத் தொடங்கியது. 1955இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், மயில் மீன் பிடிப்பதில் தேர்ந்த பெண்கள் தங்களுக்கென்று தனிச் சங்கம் கண்டார்கள். கணவரோடு படகில் போவதை யாரும் தடுக்கவில்லை. போட்டி, பரிசு, பெயர்ப்பலகை என்று வந்தபோதுதான் தனியாகக் கூட வேண்டியிருந்தது.

அந்த விளையாட்டின் சாதனை விதி ஒன்றும் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மீன் மாட்டிய பிறகு வேறொருவர் கை தூண்டில் கோலில் பட்டால் சாதனை செல்லாது. மீன் இருக்கும் இடம் கண்டு படகைக் கொண்டுபோனவர், இரை கட்டியவர், அருகில் வந்ததும் தூக்கிப் போட்டவர் யாரும் சாதனைக்கு உரியவர் இல்லை. கோல் பிடித்த கைக்கே பெயர். நம் கரையிலும் ஏறக்குறைய இதே விதிதான். கடலில் வலை இழுத்த கைக்கே மீனவர் என்று பெயர். விடியுமுன் ஏலத்தில் நின்ற கை, செதில் சீவிய கை, கருவாடு காயவைத்த கை, கம்மலைக் கழற்றிக் கொடுத்த கை எல்லாம் ஒத்தாசைக் கணக்கில் போகின்றன.

கடல் பெண்ணுக்குப் புதிதில்லை. மன்னார் வளைகுடாவில் பெண்கள் முங்கிக் கடற்பாசி எடுக்கிறார்கள். பாம்பன் அருகே சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தி, அந்தப் பெண்களின் தலைவியாக 2015இல் சீகாலஜி என்ற சர்வதேச அமைப்பின் விருதைப் பெற்றார். கேரளத்தின் சாவக்காட்டில் கே.சி. ரேகா, படகுக்கு ஆள் கிடைக்காதபோது கணவரோடு ஆழ்கடலுக்குப் போகத் தொடங்கினார். ஆழ்கடல் மீன்பிடி உரிமம் பெற்ற இந்தியாவின் முதல் பெண் என்று மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 2017இல் அவரைப் பாராட்டியது. ஆள் பற்றாக்குறை வந்த அன்று தீட்டு எங்கே போனது என்று யாரும் தேடவில்லை.

எல்லாப் பெண்ணும் கடலுக்குப் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பத்து, பதினைந்து நாள் தங்கும் விசைப்படகின் வாழ்க்கை ஆண்களுக்கே கொடுமையானது. போகாதவளின் உழைப்புக்கும் பெயர் வேண்டும், பங்கு வேண்டும் என்கிறேன். இதைப் படிக்கும் மாணவிகள் வீட்டில் ஒரு வேலை செய்யலாம். படகு, ஆட்டோ, கடை, வீடு எதுவாக இருந்தாலும் அதன் பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். அதை வாங்க யாருடைய நகை அடகுக்குப் போனது என்று அம்மாவிடம் கேளுங்கள். இரண்டு பதிலையும் ஒரே தாளில் எழுதி வையுங்கள்.