கரி தடவிய காம்பு

ஜலி கோட்டிச் சந்துக்குள் நுழையும்போதே கொட்டாப்புளிச் சத்தம் காதை நிறைத்தது. மீரட் நகரத்தின் இந்தச் சந்துகளில் டிரம்பெட், யூஃபோனியம், உடம்பைச் சுற்றி வளையும் சூசபோன் எல்லாம் அரைகுறை உடலோடு வாசல்களில் கிடக்கும். 1885இல் நாதிர் அலி தொடங்கிய நிறுவனத்தை ஒட்டி வளர்ந்த தொழில் இது. வடக்கே கல்யாண ஊர்வலங்களில் முழங்கும் பேண்டு வாத்தியங்களுக்கு இதுதான் தாய்வீடு.

நான் போர்வையில் சுற்றிக் கொண்டுபோனது பெரியப்பாவின் பழைய பெஸ்ஸன் யூஃபோனியம். நாகர்கோவில் பக்கம் தேவாலயப் பேண்டில் அவர் ஆயுசெல்லாம் ஊதியது. அதன் மவுத்பீஸ் தொலைந்துவிட்டது. 1970களுக்கு முன் வந்த பெஸ்ஸன்கள் பலவற்றில் மவுத்பீஸ் செருகும் வாய், இன்று எளிதில் கிடைக்கும் மவுத்பீஸ்களின் சின்னக் காம்புக்கும் பெரிய காம்புக்கும் நடுவிலான அளவு. சின்னது ஆழமாக இறங்கி ஆடுகிறது. பெரியது பாதியில் நின்றுவிடுகிறது. வெளியே நிற்கும் நீளமும் குழலோடு சேர்வதால் சுருதி இறங்குகிறது.

பட்டறையில் எல்லாரும் ‘உஸ்தாத்’ என்று கூப்பிட்டவரிடம் பெரிய காம்பு மவுத்பீஸை நீட்டி, “இதற்கேற்ப வாத்தியத்தின் வாயை ரீமர் விட்டுக் கொஞ்சம் அகலப்படுத்திக் கொடுங்கள்” என்றேன். அவர் குழாய் விளிம்பை விரல் நகத்தால் தடவிப் பார்த்தார். பிறகு, “சுவர் மெலிசு. கடைந்து எடுத்ததைத் திரும்ப ஒட்ட முடியுமா, பாய் சாப்? உங்கள் பெரியவர் ஊதிய வாய் இது. கழற்றி வைப்போம், புதுசு போடுவோம்” என்றார்.

ஈயப்பற்று இளக இருநூறு டிகிரி அளவு சூடு போதும். பித்தளை உருகத் தொள்ளாயிரம் வேண்டும். அந்த இடைவெளிக்குள்தான் இவர்கள் பிழைப்பே நடக்கிறது. நெருப்பை ஓரிடத்தில் நிற்கவிடாமல் சுற்றிச் சுற்றிக் காட்டினார். ஈயம் பாதரசம்போல மினுங்கிய நொடியில் துணியால் பிடித்து ஒரே திருகு. கழன்று வந்தது.

புது வாயை லேத்தில் கடைந்தார். இருபது மில்லிமீட்டர் போனால் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் விட்டம் குறையும் சரிவு. கண்ணுக்குத் தெரியாது, மூச்சுக்குத் தெரியும். மவுத்பீஸ் காம்பில் விளக்குக் கரி தடவி, செருகி, கால் சுற்று திருப்பி உருவினார். நுனியில் மட்டும் கரி அழிந்திருந்தது. அங்கே மட்டுமே தொடுகிறது என்று அர்த்தம். மறுபடி கடைசல், மறுபடி கரி. நான்காம் முறை காம்பைச் சுற்றி ஒரே சீராக அழிந்தது. அவர் முகத்தில் அப்போது வந்த நிம்மதியை எந்தக் கச்சேரி மேடையிலும் நான் பார்த்ததில்லை.

பக்கத்தில் ஒரு பையன் பஃப் சக்கரத்தில் மெருகேற்றிக்கொண்டிருந்தான். முகம் முழுக்கக் கருந்தூசி, மூக்கில் ஒரு கைக்குட்டை கூடக் கிடையாது. வாத்தியத்தில் கடையின் முத்திரை விழும். இந்த நுரையீரல்களின் பெயர் எங்கும் விழாது. எனக்கு அது ஆறவே இல்லை.

ஈயம் வைக்கும் முன் ஊதச் சொன்னார். மேல் ஸ்வரம் உடைந்தது. காம்பின் நுனிக்கும் உள்குழாய்க்கும் நடுவில் இடைவெளி அதிகமாம். புது வாயின் அடியில் அரம் போட்டு மயிரிழை குறைத்துக் கொடுத்தார். இந்த முறை ஸ்வரம் தடையின்றி ஏறி நின்றது. பையன் சக்கரத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான்.

பச்சைக் களிம்பு படிந்த பழைய வாயை உருதுச் செய்தித்தாளில் மடித்து, உஸ்தாத் என் சட்டைப் பையில் தானே வைத்தார்.