அச்சமும் தவக்குலும்



தவக்குல் உடையவருக்குக் கவலையே வராது என்னும் எண்ணம் நம்மிடையே பரவலாக உண்டு. அதனால், துன்பம் நேர்ந்து நெஞ்சம் நடுங்கும்போது, ‘என் ஈமானில் குறை இருக்கிறதோ’ என்னும் மற்றொரு துன்பமும் அதனோடு சேர்ந்துகொள்கிறது.

2020ஆம் ஆண்டு ரமலானில் பள்ளிவாசல்கள் மூடிக் கிடந்தன. தராவீஹை வீடுகளிலேயே தொழுதோம். பிள்ளைகளுக்குக் கைபேசி வழியாக ஓதிக் கொடுத்துவந்தேன். அந்நாள்களில் மாணவர் ஒருவரின் தாயார் என்னை அழைத்தார். அவருடைய கணவர் துபாயில் வேலையை இழந்து, ஊர் திரும்ப விமானமின்றி அறையில் அடைபட்டிருந்தார். “ஹஜ்ரத், ஐவேளையும் தொழுகிறேன், துஆவும் கேட்கிறேன். ஆனாலும் இரவில் உறக்கம் வருவதில்லை. எனக்குத் தவக்குல் இல்லையா?” என்று கேட்டார்.

அவருக்கு மூஸா (அலை) அவர்களின் தாயாரை நினைவூட்டினேன். ஃபிர்அவ்ன் ஆண் குழந்தைகளைக் கொன்றுவந்த காலம் அது. குழந்தையை ஆற்றில் விட்டுவிடுமாறும், அக்குழந்தையை அவரிடமே திரும்பச் சேர்ப்பதாகவும் அத்தாய்க்கு அல்லாஹ் அறிவித்தான். இத்தகைய வாக்குறுதியைப் பெற்ற பின்னரும் அவருடைய உள்ளம் வெறுமையாயிற்று. உண்மையை வெளிப்படுத்திவிடும் நிலைக்கே வந்துவிட்டார் என்பதை அல்கஸஸ் அத்தியாயம் (28) எடுத்துரைக்கிறது. அதற்காக அல்லாஹ் அவரைக் கண்டிக்கவில்லை. அவருடைய உள்ளத்தை உறுதிப்படுத்தினான்.

அடுத்து அவர் செய்ததைக் கவனியுங்கள். வாக்குறுதிதான் கிடைத்துவிட்டதே என்று அவர் வாளாவிருக்கவில்லை. குழந்தையைப் பின்தொடருமாறு தம் மகளை அனுப்பினார். எந்தச் செவிலியிடமும் பால் அருந்தாத அக்குழந்தைக்கு ஒரு குடும்பத்தைக் காட்டட்டுமா என்று கேட்டவர் அந்த மகள்தாம். தாயின் கண் குளிரக் குழந்தை திரும்பியதும் அவ்வழியே.

எனவே, அச்சம் எழுவது ஈமான் இல்லாமையன்று. அச்சத்தோடேயே நம் பங்கைச் செய்து, விளைவை அல்லாஹ்விடம் ஒப்படைப்பதே தவக்குல். காலையில் பசியோடு சென்று மாலையில் வயிறு நிறைந்து திரும்பும் பறவைகளை நபி (ஸல்) அவர்கள் தவக்குலுக்கு உவமையாகக் கூறியதைத் திர்மிதீயில் காண்கிறோம். அப்பறவைகள் கூட்டிலேயே அமர்ந்திருப்பதில்லை.

ரமலான் நன்கொடைகள் குறைந்ததால், அவ்வாண்டு எனக்கும் பாதி ஊதியமே கிடைத்தது. பகலில் ஓர் அரிசிக் கடையில் கணக்கு எழுதினேன். இரவில் தஹஜ்ஜுத் தொழுதேன். கவலை முற்றிலும் நீங்கிவிடவில்லை. ஆயினும், நாளை என் கையில் இல்லை என்பது சிறிது சிறிதாகச் சுமையாக இல்லாமல் ஆறுதலாக மாறிற்று. சுமப்பவன் வேறொருவன் அல்லவா!

அத்தாயாரின் கணவர் சில மாதங்களுக்குப் பின் ஊர் திரும்பினார். இழந்த வேலை திரும்பவில்லை. “இப்போதும் பயம் வருகிறது ஹஜ்ரத். வந்தால் முஸல்லாவை விரித்துவிடுகிறேன். என்னை நானே குறை கூறிக்கொள்வதை விட்டுவிட்டேன்” என்றார் அவர்.

உங்கள் இல்லத்திலும் உறக்கமின்றித் தவிப்பவர் இருக்கலாம். அவரிடம் ‘தவக்குல் வையுங்கள்’ என்று மட்டும் கூறிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். அருகில் அமருங்கள், அவருடைய அச்சத்தைக் கேளுங்கள், நாளை அவர் செய்ய வேண்டிய வேலை ஒன்றில் துணை நில்லுங்கள். மற்றதை அல்லாஹ் பொறுப்பேற்கிறான்.

மூஸா (அலை) அவர்களின் தாயாருடைய உள்ளத்தை உறுதிப்படுத்திய இறைவன் நம் உள்ளங்களையும் உறுதிப்படுத்துவானாக! ஆமீன்.