சித்தப்பா கேட்கும் பர்மிட்

சென்ற மாதம் விடுமுறையில் திருப்பூர் போயிருந்தபோது சித்தப்பா சொன்னது இன்னும் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது. அவருடைய பனியன் கம்பெனியில் அவசர ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஒடிசாவிலிருந்து வந்த டைலர்கள் இரண்டு பேர், கூலி கூடக் கிடைக்கிறதென்று எதிர்த் தெருக் கம்பெனிக்குப் போய்விட்டார்கள். "உங்க சிங்கப்பூர் மாதிரி இங்கயும் பர்மிட் வெக்கோணும் கண்ணு. கூட்டியாந்தவன்கிட்டத்தான் வேலை செய்யோணும்னு சட்டம் இருந்தா இப்படி நடக்குமா?" என்றார். வடமாநிலத்தவருக்கு உள்நுழைவுச் சீட்டு வேண்டும் என்று மேடைகளில் கேட்கிறார்களே, அந்தப் பேச்சும் அதில் கலந்திருந்தது. சுற்றியிருந்த சொந்தக்காரர்கள் சாட்சிக்கு என் முகத்தைப் பார்த்தார்கள். பதினொரு வருடமாகப் பர்மிட்டில் வாழ்கிறவள் அந்தக் கூட்டத்தில் நான் ஒருத்திதான்.

அப்போது எனக்கு வாய் வரவில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

சிங்கப்பூரின் நியாயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். ஒரு பொறியியல் நிறுவனத்தில் ஊழியர் விவகாரம் பார்க்கிறேன். மற்றவர்களுக்கு ஈபி எனப்படும் எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு விண்ணப்பம் போடுவது என் வேலை. என் ஈபியும் அதே மேசையில்தான் புதுப்பிக்கப்படுகிறது. முன்பெல்லாம் ஒரு விண்ணப்பம் திரும்பி வந்தால், எங்கே இடித்தது என்று நாங்கள் ஊகிப்பதிலேயே ஒரு வாரம் போகும். 2023 செப்டம்பரில் 'காம்பஸ்' புள்ளி முறை வந்தபின் கணக்கு கண்ணெதிரே இருக்கிறது. நாற்பது புள்ளி வேண்டும். சம்பளம், படிப்பு, நிறுவனத்தில் விண்ணப்பிப்பவரின் நாட்டவர் எத்தனை பேர், உள்ளூர்க்காரர்களுக்கு நிறுவனம் எவ்வளவு இடம் தந்திருக்கிறது என்ற நான்குக்கும் தலா இருபது வரை கிடைக்கும். தட்டுப்பாடான தொழில் என்றால் மேலும் கொஞ்சம். சம்பளத்தின் அடிமட்டம் 2025 முதல் 5,600 வெள்ளி, நிதித் துறையில் 6,200. வயது ஏறினால் அதுவும் ஏறும். பெரும்பாலான வேலைகளை முதலில் அரசுத் தளத்தில் 14 நாளாவது விளம்பரப்படுத்தியாக வேண்டும். இவ்வளவையும் மனிதவள அமைச்சு எழுதி வைத்திருக்கிறது. விண்ணப்பிப்பதற்கு முன்பே கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். அப்பா இறந்தபின் வாரிசுச் சான்றிதழுக்காக ஒரு தாலுகா அலுவலகத்துக்கு ஏழு முறை நடந்தவள் நான். ஏழு முறையும் ஏழு காரணம் சொன்னார்கள். விதி இன்னதென்று முன்கூட்டியே தெரிவது எவ்வளவு பெரிய மரியாதை என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

உள்ளூர்க்காரருக்கு முதலிடம் என்பதிலும் எனக்குக் குறையில்லை. 2021 தேர்தலில் நம் ஊரிலும் 75 சதவீத வேலை தமிழருக்கே என்ற வாக்குறுதி தரப்பட்டதே. நாட்டவர் கணக்கு மட்டும் கொஞ்சம் உறுத்தும். அங்கே தாய்மொழிக்கு வேலையில்லை, பாஸ்போர்ட்தான் பேசும். மதுரைக்காரரும் அமிர்தசரஸ்காரரும் ஒரே பெட்டியில் விழுவார்கள். ஈப்போத் தமிழரும் யாழ்ப்பாணத் தமிழரும் வேறு வேறு பெட்டி. அதிகாரி நிலை ஊழியர்களில் உங்கள் நாட்டவர் கால்வாசியை எட்டிவிட்டால் அந்த வரிசையில் உங்களுக்குப் பூஜ்யம்.

எங்கள் வடிவமைப்புப் பிரிவில் இருந்த ஒருவருக்கு ஈபி புதுப்பிக்கும்போது அப்படித்தான் நேர்ந்தது. நல்ல வேலைக்காரர், ஒன்பது வருட அனுபவம். சம்பளத்துக்குப் பத்து, படிப்புக்குப் பத்து, உள்ளூர் வேலைவாய்ப்புக்குப் பத்து, நாட்டவர் கணக்கில் பூஜ்யம். சம்பளத்தை அடுத்த படிக்கு ஏற்றியிருந்தால் நாற்பது வந்திருக்கும். முதலாளி ஏற்றவில்லை. அனுமதியை ரத்து செய்யும் பொத்தானை அழுத்தியது நான். வேலையின் கடைசி நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் அதைச் செய்தாக வேண்டும். அது ரத்தானால் மனைவி, பிள்ளைகளின் டிபெண்டன்ட் பாஸும் கூடவே போய்விடும். பிறகு 30 நாள் தங்கலாம். அந்த நாட்களுக்குள் வீட்டைக் காலி செய்து, பிள்ளையைப் பள்ளியிலிருந்து எடுத்தாக வேண்டும். வருமான வரிக் கணக்கு முடியும்வரை கடைசிச் சம்பளத்தையும் நிறுவனம் நிறுத்தி வைத்தாக வேண்டும், அதுவும் சட்டம். அவருடைய மகள் தொடக்கநிலை நான்கில் இருந்தாள். தாளைக் கையெழுத்துக்கு நீட்டும்போது அவர் என்னிடம், "அக்கா, ஆண்டிறுதித் தேர்வு வரைக்கும் இருக்க வழியிருக்கா?" என்று மட்டும் கேட்டார். வழி இல்லை.

சித்தப்பாவுக்குத் தெரியாத இடம் இதுதான். அனுமதி நிறுவனத்தின் வழியாக வருகிறது, நிறுவனத்தின் வழியாகவே போகிறது. வேறு வேலைக்கு மாற இங்கே தடையில்லை. ஆனால் புது நிறுவனம் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். நாற்பது புள்ளியும் முதலிலிருந்து எண்ணப்படும். இந்த நினைப்பு ஒருவர் குரலை என்ன செய்யும் என்று நான் தினமும் கேட்கிறேன். சனிக்கிழமை வரச் சொன்னால் என் சிங்கப்பூர்த் தோழி "முடியாது" என்கிறாள். முதலாளியும் சரி என்கிறார். பாஸில் இருக்கும் எங்களில் ஒருவர்கூட அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டதில்லை. சம்பள உயர்வு பற்றிப் பேசும் கூட்டத்தில் புதுப்பிப்புத் தேதி நெருங்கியவர் வாயே திறக்க மாட்டார். ஒர்க் பெர்மிட்டில் இருக்கும் தம்பிகளின் நிலை இன்னும் இறுக்கம். அவர்கள் குடும்பத்தைக் கூட்டி வந்து வைத்துக்கொள்ளவும் முடியாது.

திருப்பூரில் ஒடிசாக்காரருக்கு எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. ஒரே அறையில் எட்டுப் பேர் படுக்கிறார்கள். 2023 மார்ச்சில், வடமாநிலத் தொழிலாளர்களை இங்கே தாக்குகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியபோது எத்தனை பேர் பயந்து ரயிலேறினார்கள் என்று நமக்குத் தெரியும். ஆனாலும் அரசியலமைப்பின் 19-ஆம் பிரிவு அந்த டைலருக்கு ஒன்றைக் கொடுத்திருக்கிறது. எந்த அமைச்சுக்கும் சொல்லாமல், எந்தப் புள்ளியும் எண்ணாமல், அவர் தெருவைத் தாண்டலாம். இத்தனை ஒழுங்கான நாட்டில் பதினொரு வருடம் இருந்தும் எனக்குக் கிடைக்காதது அது. என் ஊர் அதைக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. அதைப் பிடுங்குவதற்கு என் பெயரைச் சாட்சியாகச் சொல்ல நான் விடமாட்டேன், சித்தப்பா.

நான் கிளம்புவதற்கு முந்தின நாள் சனிக்கிழமை. சம்பள நேரத்தில் போனவர்களில் ஒருவர் பாக்கிக் கூலி வாங்க வந்து கேட்டருகே நின்றார். சித்தப்பா எண்ணிக் கொடுத்தார். "தீபாவளி கழிச்சு இங்கயே வந்துருடா, ரேட்டு ஏத்தித் தாரேன்" என்றார். "பாக்கலாம்ண்ணா" என்று சொல்லிவிட்டு அவர் பணத்தைச் சட்டைப்பைக்குள் வைத்தபடி எதிர்த் தெருவுக்கு நடந்தார். அன்று சாயங்காலமே சித்தப்பா, மிச்சமிருந்த டைலர்களைக் கூப்பிட்டுப் பீஸுக்கு ஐம்பது காசு ஏற்றினார்.