செம்மண்ணில் ஒரு பொற்றலை

கரக்பூருக்குப் புதிதாக வருகின்றவரிடம் இவ்வூரார் முதலில் காட்ட விரும்புவது புகைவண்டி நிலையத்தின் நடைமேடையையே. 1,072 மீட்டர் நீளமுள்ள அது நெடுங்காலம் உலகிலேயே மிக நீண்டது என்று பெயர் பெற்றிருந்தது. 2013-இல் கோரக்பூரும் 2023-இல் ஹூப்ளியும் அதனை முந்திவிட்டன. பெருமை கைமாறினாலும் ஊர் மாறவில்லை. வங்காள நாகபுரி ரயில்வேயின் காலத்தில் எழுந்த பணிமனையும், வரிசை வரிசையான குடியிருப்புகளும், காலில் ஒட்டினால் எளிதில் போகாத செம்மண்ணும் இன்றும் உள்ளன. வங்காளியரும் தெலுங்கரும் ஒடியரும் கலந்து வாழும் இவ்வூரில் நம்மவர் குடும்பங்களும் உண்டு. குமாஸ்தாவாகப் பணியாற்றும் என் குடும்பம் அவற்றுள் ஒன்று.

மூன்றாண்டுகளுக்கு முன் ஒரு மழைக்காலத்தில் என் மகனுக்குக் காமாலை கண்டது. மருத்துவர் சிகிச்சையால் மெல்லத் தேறி வந்தான். ஆயினும் என் மனைவிக்கு மனம் ஆறவில்லை. "ஊராக இருந்தால் அத்தை இந்நேரம் மஞ்சள் கரிசலாங்கண்ணியைப் பருப்போடு கடைந்து கொடுத்திருப்பார்கள்" என்று பலமுறை சொன்னாள். ஒருநாள் மாலை நான் வீடு திரும்பியபோது அவள் முகம் மலர்ந்திருந்தது. சாலையோரத்தில் பாய் விரித்தாற்போல் படர்ந்து பூத்திருந்த கொடியைக் கூடை நிறையப் பறித்து வந்திருந்தாள். உலையில் பருப்பு வெந்துகொண்டிருந்தது.

அச்சமயம் அடுத்த வீட்டுத் தெலுங்குப் பாட்டியார் உள்ளே வந்தார். ஓர் இலையை எடுத்து விரித்துப் பார்த்தார். "அம்மாயி, இது நம் கீரை அன்று. பிள்ளைக்குக் கொடுத்துவிடாதே" என்றார். கூடை அப்படியே குப்பைக்குப் போயிற்று. அன்று அவர் வரத் தாமதித்திருந்தால் என்ற எண்ணம் இன்றும் என்னை விட்டு நீங்கவில்லை.

வாசக அன்பர்கள் இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிந்துகொள்ள வேண்டும். சாலையோரத்தில் கண்டது வெப்பமண்டல அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. தரையை மூடும் அழகுக் கொடியாக உலகெங்கும் கொண்டு செல்லப்பட்டது. உலகின் மிகக் கொடிய நூறு ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் அதுவும் ஒன்று. அதன் இலை பளபளப்பானது. இருபுறமும் பிரிந்து சூலம்போல் மூன்று மடலாகத் தோன்றும். நம் மஞ்சள் கரிசலாங்கண்ணியின் இலையோ நீண்டு ஒடுங்கியது, பக்க மடல்கள் இல்லை, தடவினால் சொரசொரக்கும். இரண்டும் சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த நெருங்கிய உறவுகள். இரண்டும் மஞ்சளாகவே பூக்கும். ஆகவே பூவை மட்டும் பார்த்துப் பறித்தல் கூடாது.

சித்த மருத்துவர் நம் செடியைப் பொற்றலைக் கையான் என்பர். அதிலுள்ள வெடிலோலாக்டோன் என்னும் பொருளின் அமைப்பைச் சென்னை மாநிலக் கல்லூரியின் கோவிந்தாச்சாரி முதலியோர் ஆராய்ந்து 1956-இல் வெளியிட்டனர் என்பது நமக்குப் பெருமை தருவது. எனினும் கீரை கீரையே. காமாலைக்கு மருத்துவரே துணை.

அடுத்த விடுப்பில் கும்பகோணத்தை அடுத்த எங்கள் சிற்றூருக்குச் சென்றேன். வாய்க்கால் கரையிலிருந்து என் தாயார் பன்னிரண்டு தண்டுகளைக் கிள்ளி, ஈரத்துணியில் சுற்றி, வாழைமட்டையில் பொதிந்து கொடுத்தார். சென்னையிலிருந்து கோரமண்டல் வண்டியில் ஒரு பகலும் ஓர் இரவும் பயணம். விஜயவாடாவில் ஒருமுறை, விசாகப்பட்டினத்தில் ஒருமுறை தண்ணீர் தெளித்தேன். எதிரில் இருந்தவர், "உள்ளே என்ன, வெற்றிலையா?" என்று கேட்டார். பாலேசுவரத்தில் பொழுது விடிந்தபோது தண்டுகள் வாடாதிருந்தன.

ஆனால் கரக்பூர் மண் அவற்றை எளிதில் ஏற்கவில்லை. சரளை கலந்த செம்மண்ணில் நீர் நிற்காது. எட்டுத் தண்டுகள் ஒரு வாரத்தில் கருகின. எஞ்சிய நான்கிற்காக ஒரு முழ ஆழம் தோண்டிச் சரளையை நீக்கி, குளத்து வண்டலும் மக்கிய சாணமும் இட்டேன். தண்டின் இரண்டு கணுக்கள் மண்ணுக்குள் இருக்குமாறு நட்டு, குழாயடியில் வழியும் தண்ணீரை அப்பாத்திக்குத் திருப்பினேன். கணுதோறும் வேர் விட்டது. சித்திரை வெயிலுக்குச் சாக்கு நிழல் போதும். மார்கழிக் குளிரில் வளர்ச்சி மந்தமாகும், பொறுத்திருக்க வேண்டும். மழை தொடங்கியதும் பழைய கொடியை வெட்டிவிட்டு இளந்தண்டுகளை மறுபடி நட்டால் தழைத்து வரும். வேரோடு பிடுங்காமல் நுனிக் கொழுந்தை மட்டும் கிள்ளுதல் வேண்டும்.

அந்நான்கு தண்டுகள் இன்று ஒரு பாத்தி. முதற்பிடிக் கீரையை என் மகனே கிள்ளி எடுத்துச் சென்று பாட்டியாரிடம் கொடுத்தான். அவர் ஓர் இலையை விரித்துப் பார்த்துவிட்டு, "இதுதான்" என்றார். நம் சங்கத்து அன்பர்கள் யார் கேட்டாலும் தண்டு தரச் சித்தமாயிருக்கிறேன்; ஈரத்துணி மட்டும் கொண்டு வாருங்கள்.